ஒருமுறைதான் கேட்பார்கள்

மே 4, ஞாயிறு

விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று. கடைசி நாள். நஸ்ரின் என்னோடு வந்திருக்காவிட்டால் இன்றும் அனுப்பியிருக்க மாட்டேன்.

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினோம். பெயர், ஊர், மதிப்பெண் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?' என்ற கட்டத்தில்தான் நின்றுவிட்டேன். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

"மேகம் புடிக்கும்னு எழுதுடி. அதுதானே நெசம்?" என்றாள் நஸ்ரின்.

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"ஏன், மேகம் கோவிச்சுக்குமா?"

கடைசியில் பருவநிலை மாற்றம், விவசாயம் என்று ஏதோ எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ எழுதியது போலிருந்தது.

இங்கே உண்மையை எழுதலாம். ஆடி மாதக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகங்கள் வரும். மலையைத் தாண்டும்போது யானை யானையாக இருக்கும். எங்கள் ஊருக்கு மேலே வருவதற்குள் ஓரத்திலிருந்து பிரிந்து பிரிந்து, பஞ்சாகி, ஒன்றுமில்லாமல் போய்விடும். அது எப்படி என்று சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியலில் பாதி விடை கிடைத்தது. மீதிப் பாதி அங்கே இருக்கும் போல.

வளிமண்டல அறிவியல், முதுநிலை. தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகம். மொத்தம் பதினைந்து இடங்கள். எழுதுகிறவர்கள் ஆயிரத்துக்கு மேல்.

எனக்கு அப்படியொன்றும் பெரிய ஆசை இல்லை. எழுதிப் பார்க்கலாம் என்றுதான்.

மே 5

அப்பாவிடம் சொன்னேன். டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"இது நீ படிச்சதுக்கு மேலயா, கீழயா?"

"மேலங்கப்பா."

"இதுக்கும் மேல இருக்குதா?"

"இருக்குதுங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். எத்தனை மாடி என்று எண்ணுவது போல. "செரி" என்றார்.

மே 25, ஞாயிறு

கோயம்புத்தூரில் நுழைவுத் தேர்வு. எனக்கு ஜன்னலோர இடம். கேள்விகள் கடினம்தான், ஆனால் அந்நியமாக இல்லை. காற்றழுத்தம் பற்றிய ஒரு கேள்வியைப் படித்ததும் அம்மா வேலை செய்யும் நார் மில் களத்துத் தார்ப்பாய் காற்றில் உப்பி எழுவது நினைவுக்கு வந்தது. விடை சரியாக வந்தது.

வெளியே வந்ததும் எல்லோரும் விடைகளை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேப்ப மரத்தடியில் நின்று அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு போட்டிருந்தாள். அவளுக்கே தெரிந்திருக்காது. அவளுக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ஜூன் 3

காற்று ஆரம்பித்துவிட்டது. நார் மில்லில் இப்போது வேலை அதிகம். அடித்து வந்த தென்னை நாரைக் களம் முழுக்கப் பரப்பி, வெயில் ஏற ஏறத் திருப்பிவிட வேண்டும். அம்மாவுக்கு அங்கே வருடக்கணக்கில் வேலை. விடுமுறைகளில் நானும் போவேன்.

காலை வெயிலில் களத்தின் நடுவே நின்றால் தரை பொன்னிறமாகி எங்கேயோ மிதப்பது போலிருக்கும். மேகத்தின் நிழல் ஒரு மூலையில் ஏறி, எல்லோர் முதுகின் மீதும் நடந்து, வேலியைத் தாண்டிப் போய்விடும். இன்று நான் கோலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்து நின்றுவிட்டேன்.

"ஏம்புள்ள, மேல என்ன ஆகாச விமானமா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"அவ கணக்குப் போடறாளுங். நீங்க உங்க சோலியப் பாருங்" என்றாள் அம்மா.

நான் கணக்குப் போடவில்லை. சும்மாதான் பார்த்தேன்.

ஜூன் 12

நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நாற்பத்தைந்து பேரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

தேர்வு எழுதியதிலிருந்து நகம் கடிக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மடத்துக்குளத்தில் அத்தை வீட்டுக்குப் போனோம். புது வீடு கட்டியிருக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் அத்தை, "காப்பி குடிக்கறீங்ளா?" என்று கேட்டார்.

"அய்யோ வேண்டாங்க. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தம்" என்றாள் அம்மா. காலையிலிருந்து நாங்கள் ஒன்றுமே குடிக்கவில்லை.

"அட, கொஞ்சங் குடிங்க."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

"என்னுங் சிரமம், பாலு அடுப்புல இருக்குது." அத்தை எழுந்துவிட்டார். அம்மாவின் தோள் அப்போதுதான் இறங்கியது. காபி வந்ததும் ஒரே மடக்கில் குடித்தாள்.

இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. கேட்கிறவருக்கும் அது தெரியும், அதனால் மறுபடி கேட்பார். எந்த இடத்தில் கையை நீட்ட வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கேட்டவுடனே வாங்கிக்கொள்கிற பிள்ளையை, "பாவம், வூட்ல சோறு போடறதில்ல போல" என்பார்கள்.

நஸ்ரினிடம் சொன்னால் சிரிப்பாள். அவர்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். "எங்கூட்ல வேண்டாம்னு சொன்னா அந்தப் பங்கு அடுத்த நிமிசம் காணாமப் போயிரும்டி" என்பாள்.

ஜூன் 24, செவ்வாய்

இதைத் திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து குலுங்குகிறது. அப்பா பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார்.

முதலில் கடலைப் பற்றி எழுத வேண்டும். துறை இருப்பது இரண்டாவது மாடியில். நடைபாதையின் கடைசி ஜன்னலைத் திறந்தால் கடல். நான் நினைத்ததைப் போல அது நீலமாக இல்லை. சாம்பலும் பச்சையுமாக இருந்தது. அது எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியவில்லை. இரண்டும் ஒரே துணி, எங்கேயோ ஒரு மடிப்பு, அவ்வளவுதான். மொட்டை மாடியில் காற்றுமானியின் சின்னக் கிண்ணங்கள் மூன்றும் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டது காதில் விழவில்லை.

உள்ளே நான்கு பேர். நடுவில் இருந்தவர் துறைத்தலைவர் நம்பிராஜன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றியிருந்தார்.

"ஊர் எது?"

சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா. ஃபேன் ஓடுது."

மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

"உங்க ஊர் வானத்துல என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

கணவாய் மேகங்களைச் சொன்னேன். ஏன் கரைகின்றன என்று இன்னொருவர் கேட்டார். மலையைத் தாண்டிய காற்று கீழே இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடாகிறது, அதனால் துளிகள் ஆவியாகின்றன என்றேன். பிறகு யாரும் கேட்காமலே, "மேகம் இல்லாமப் போறதில்லைங்க சார். கண்ணுக்குத் தெரியாமப் போகுது" என்று சொன்னேன். சொன்னபிறகு காது இரண்டும் சுட்டது.

நம்பிராஜன் சார் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

வெளியே அப்பா தன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அது கோயில் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. "நல்லா பேசுனயா கண்ணு?" என்றார். "பேசுனங்கப்பா" என்றேன்.

ஜன்னல்கள் மொத்தம் ஏழு. நான்காவதில் கொக்கி இல்லை. நூலகம் கீழ்த்தளத்தில். பெண்கள் விடுதியின் கொடியில் மஞ்சள் துண்டு ஒன்று காய்ந்தது. சும்மா கண்ணில் பட்டதை எழுதுகிறேன்.

ஜூலை 2

முடிவு வந்துவிட்டது. பதினைந்து பேரில் என் பெயர் இல்லை. காத்திருப்போரில் முதல் ஆள்.

நஸ்ரின் போனில் கூவினாள். "யாராச்சும் ஒருத்தர் வேற காலேஜ் போனாப் போதும்டி! ஒரே ஒருத்தர்!"

அம்மாவுக்கு விளக்கினேன். பந்தி நிறைந்துவிட்டது, யாராவது எழுந்தால் எனக்கு இடம் என்று.

"அடுத்த பந்தி இல்லியா?"

"அடுத்த வருசந்தாம்மா."

அம்மா சோற்றில் ரசம் ஊற்றினாள். "முன்னாடி நிக்கறயில்ல, அது போதும்" என்றாள்.

ஜூலை 8

ஒரு கனவு. கடலுக்கு மேலே எங்கள் களம் மிதக்கிறது. நான் நாரைத் திருப்பத் திருப்ப அது மேகமாகிறது. மேஸ்திரி படகில் வந்து, "காஞ்சுதா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். விழித்தபோது தலையணை உறையில் நார்த்தூசி.

ஜூலை 11

போனை இடுப்பில் செருகிக்கொண்டே களத்தில் வேலை செய்கிறேன். சார்ஜ் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் எதுவும் பார்ப்பதில்லை. நஸ்ரின் பி.எட். சேர்ந்துவிட்டாள். அவள் கல்லூரியிலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறாள். ஒவ்வொரு மணிக்கும் கையிலிருக்கும் நாரைத் தட்டிவிட்டு எண்ணைப் பார்க்கிறேன்.

அம்மா இரண்டு நாளாக என்னைக் களத்துக்குக் கூப்பிடுவதில்லை. நானாகப் போகிறேன். பழைய சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். கேட்டால், கரையான் இருக்குதான்னு பாத்தேன் என்கிறாள்.

ஜூலை 17, வியாழன்

காலையில் நார் பரப்பினோம். காற்று அதிகம். ஒரு போன் வந்தது. மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

ஜூலை 18

"நேத்து ஆரு போன்ல?" என்று அம்மா கேட்டாள்.

"ரீசார்ஜ் பண்ணச் சொல்றவங்கம்மா."

"அதுக்கா அத்தன நேரம் போனக் காதுலயே வெச்சுட்டு நின்ன?"

குழாயில் தண்ணீர் வந்தது. பிடிக்கப் போனேன்.

ஜூலை 19

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். அரிசி புடைத்தேன். அப்பா கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நஸ்ரின் வந்தாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. நான் மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை என்று சண்டை போடத்தான் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டாள். களத்துக்குப் பின்னால் தேங்காய் மட்டைக் குவியலில் உட்கார்ந்து சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை போன் செய்தவர் நம்பிராஜன் சார்.

"பிரவீணாவாம்மா? ஒரு இடம் காலியாயிருக்கு. ஆனா ஹாஸ்டல்ல இப்போதைக்கு ரூம் இல்ல. ஒரு மாசம் வெளிய எங்கயாவது தங்க வேண்டியிருக்கும். உனக்குக் கஷ்டமா இருக்குமே. சேர்றியா?"

எத்தனை பெரிய மனிதர். அவரே கூப்பிட்டுக் கேட்கிறார். என் வாய் தானாகத் திறந்தது.

"பரவாயில்லைங்க சார். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"எனக்கென்ன சிரமம்? உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாங்க சார், பரவாயில்லைங்க."

"அப்ப அடுத்த ஆளுக்குக் குடுத்திரலாமா?"

"சரிங்க சார்."

"சரிம்மா. நல்லா இரு."

நான் காத்திருந்தேன். அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று. கேட்டதும் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட நாக்கில் தயாராக இருந்தது. போன் வைத்துவிட்டார் என்பது புரிவதற்கு நேரமானது. காற்றுச் சத்தத்தை அவர் மூச்சுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"காப்பி குடுத்தாங்கன்னு நெனச்சியாடி? லூசு. லூசு. மூணு வருசம் மேகம் மேகம்னு என் உசுர எடுத்துட்டு..." என் தோளில் அடித்தாள். வலித்தது. அடித்துவிட்டு அவளே தேய்த்துவிட்டாள்.

"எனக்கு அப்படியொண்ணும் பெரிய ஆசை இல்ல" என்றேன்.

"ஏய்" என்றாள் நஸ்ரின். "எங்கிட்டயா?"

அதன்பிறகு நான் அழுததை எழுத வேண்டியதில்லை.

ஜூலை 21, திங்கள்

நான் மூன்று முறை துறை அலுவலகத்தின் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே துண்டித்தேன். மதியம் நஸ்ரின் தன் கல்லூரியிலிருந்து என் பெயரைச் சொல்லித் துறை அலுவலகத்துக்குப் பேசியிருக்கிறாள். "உன் கொரலு இவ்வளவு கணீர்னு இருக்குன்னு அவங்க நெனச்சுக்கட்டும்" என்றாள்.

அவள் கேட்டறிந்தது: அந்த இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போய்விட்டது. அவர் சம்மதம் சொல்லிவிட்டார். ஆனால் இன்னும் வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு சேர்க்கை முடிகிறது. அதற்குள் அவர் வராவிட்டால், அந்த நேரத்தில் நேரில் இருப்பவருக்குத் தரலாம்.

வராவிட்டால்.

ஜூலை 22

அம்மாவிடம் சொன்னேன். நார் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அவள் கோல் நிற்கவில்லை. ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு மறுக்கா கேக்கவே இல்லியா?"

"இல்லீம்மா."

"ஒருக்காக் கூடவா?"

"அவங்கெல்லாம் ஒருதடவதான் கேப்பாங்கம்மா."

அம்மா களத்தின் அந்தக் கடைசிவரை பார்த்தாள். பிறகு கோலைக் கீழே போட்டாள். நார் காயும்போது அவள் கோலைக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை.

"நாந்தான் உனக்கு அப்படிப் பழக்கிப்போட்டேன்" என்றாள். "வெள்ளிக்கெழம நானும் வாரேன்."

ஜூலை 25, வெள்ளி

மதுரை பஸ் நிலையம். திரும்பிக்கொண்டிருக்கிறோம். உடுமலை பஸ் இன்னும் வரவில்லை. அம்மா டீ வாங்கப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். அம்மா கல்யாணங்களுக்குக் கட்டும் அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். கடலைக் கண்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு அக்கட்ட என்ன இருக்குது?"

"இலங்கைம்மா."

"அவங்களுக்கு நாம அக்கட்ட" என்றாள்.

அலுவலக வாசலில் எப்சிபா அக்கா என்று ஒருவர் இருந்தார். அங்கே உதவியாளர். என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான வேண்டாம்னு சொன்ன பிள்ள?"

அம்மா முன்னால் வந்தாள். "வேண்டாம்னு சொல்லலீங்க. மரியாதைக்குச் சொன்னா."

"மரியாதைக்கா?"

"எங்கூருப் பக்கம் வேண்டாம்னா மறுக்கா கேக்கோணுங்க. எம் பொண்ணு வேண்டாம்னா வேணும்னு அர்த்தமுங்க."

எப்சிபா அக்கா சிரித்துவிட்டார். "நல்ல ஊரும்மா உங்க ஊரு. எங்க பக்கம் வேண்டாம்னா எலைய எடுத்துருவோம்லா." சிரித்துக்கொண்டே பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "அந்தப் பையன் இன்னும் வரல. நாலு மணிவரைக்கும் இங்கன இருங்க. அதுக்குமேல கர்த்தர் சித்தம்."

இருந்தோம். ஏழு ஜன்னல்களிலும் காற்று. கடலுக்கு மேலே கீற்றுமேகங்கள் மெல்லிசாக, யாரோ சீப்பால் இழுத்துவிட்டது போல நீண்டிருந்தன. கதவு ஒன்று திறந்தது. வகுப்புக்குள் பதினான்கு பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஓரத்தில் ஒரு நாற்காலி காலி. கதவு மூடிக்கொண்டது. நேரம் நகர்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு தூக்கம் என் கண்ணைத் திறந்துவைத்தபடியே இழுத்தது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது, மழைக்காலம்கூட வந்து போய்விட்டது போலிருந்தது.

மூன்று மணி தாண்டியிருந்தது. தண்ணீர் பிடித்து வரக் கீழே போனேன்.

கீழே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் வயதுப் பையன், அவனுடைய அப்பா. பையனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"வளிமண்டல டிபார்ட்மென்ட் எங்க இருக்குதுங்க? மத்தியானத்துல இருந்து சுத்தறோம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பில்டிங் சொல்றாங்க."

அவன் யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.

"தர்மபுரிக்கு அந்தாண்டங்க. நாலு மணிக்குள்ள போகணுமாம்."

மேலே மாடியில் காற்றுமானி சுற்றுகிற சின்னச் சத்தம் கேட்டது. அது கீழே வரைக்கும் கேட்காது. எனக்குக் கேட்டது. முன்னால் தெரிந்த படிக்கட்டை அவன் பார்த்தான். அதன் மேல்கதவு பூட்டியிருக்கும்; நேர்காணல் அன்று நானும் ஏறித் திரும்பியிருக்கிறேன். ஏறி, திரும்பி இறங்கி, கட்டிடத்தைச் சுற்றி வர வேண்டும். அவன் அப்பாவுக்குக் கால் தாங்கவில்லை. நான் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. தெரியாது என்று சொன்னால் போதும்.

"அந்தப் படி பூட்டியிருக்குமுங்க" என்றேன். "இப்படி வாங்க."

அவர்களை அழைத்துக்கொண்டு மேலே வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. எப்சிபா அக்கா, "மாதேஷா? ஓடியாப்பா, உன்னத்தான தேடுதோம்" என்று அவனை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவன் அப்பா சுவரைப் பிடித்து நின்றார். அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாங்க. இப்பதான் குடிச்சங்க" என்றார். உதடு வெடித்திருந்தது.

"சும்மா குடிங்க" என்றாள் அம்மா மறுபடியும்.

அவர் வாங்கினார். பாட்டில் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

மாதேஷ் வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. எனக்குக் கைகூப்பினான். "ரொம்பத் தேங்க்ஸ்ங்க. நீங்க இங்கதான் படிக்கறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர்கள் போனபின் அம்மா பையை எடுத்தாள். "வா கண்ணு. பஸ்ஸப் பாப்போம்."

நான் எழுந்தேன். ஆனால் கால் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. துறைத்தலைவர் அறைக்கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் அது என் கை என்று தெரிந்தது.

நம்பிராஜன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது.

"யாரும்மா? ஓ, கணவாய் மேகம்." புன்னகைத்தார். "அன்னிக்கு ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"நீங்க இன்னொரு தடவ கேப்பீங்கன்னு இருந்தங்க சார்."

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. பேனாவை வைத்தார்.

"பாரும்மா, பின்னால எத்தனையோ பேரு நிக்கறாங்க. நாங்க ஒருதடவதான் கேக்க முடியும்."

"தெரியுங்க சார். இப்பத் தெரியும்."

"இப்ப இடம் இல்லையே. அந்தப் பையன் சேந்துட்டான்."

"தெரியுங்க சார். நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் நிமிர்ந்தார். "அப்ப எதுக்கும்மா வந்த?"

மின்விசிறி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு இந்தப் படிப்பு வேணும் சார். இப்படியே போயிட்டா நான் வேண்டாம்னு சொன்னதாவே இருந்துரும். நான் அப்படிச் சொல்லல. எனக்கு வேணும். ரொம்ப நாளா வேணும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அடுத்த வருஷமும் எழுத்துத் தேர்வுலருந்துதான் வரணும். எனக்குத் தெரிஞ்ச பொண்ணுன்னு ஒரு மார்க் கூடக் கூட்ட மாட்டேன்."

"எழுதறேன் சார்."

"பதினஞ்சு இடந்தான்."

"எழுதறேன் சார்."

வெளியே வந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டேன். எப்சிபா அக்கா மேசையிலிருந்து எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். கடலோரச் சாலையில் காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஊர் தாண்டியபிறகு, கண்டக்டரிடம் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"நீ உள்ள பேசுனது வெளிய வரைக்கும் கேட்டுது கண்ணு."